திரும்பி நிற்கும் மீட்டர்காரர்

புத்தகத்தை யாராவது கையில் எடுத்தால் அவர் திரும்பிக்கொள்வார்.

பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இதைப் பார்த்து வருகிறேன். ஆள் வரும்வரை நேராகத்தான் உட்கார்ந்திருப்பார். வந்தவரின் கை புத்தகத்தில் பட்டதும், ஏதோ மறந்துவிட்டவர்போலப் பின்பக்கம் திரும்பி, தரையில் கிடக்கும் அட்டைப்பெட்டிக்குள் தேட ஆரம்பிப்பார். பெட்டியில் ஒன்றும் இருக்காது. காலையிலேயே எல்லாப் புத்தகத்தையும் எடுத்து மேசையில் அடுக்கியிருப்பார். ஆனாலும் தேடுவார். புத்தகத்தை மறுபடி மேசையில் வைக்கும் சத்தமோ, விலை கேட்கும் குரலோ காதில் விழுந்தால்தான் இந்தப் பக்கம் திரும்புவார்.

எங்கள் சந்தையில் வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். மூடிப்போன பெரிய கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் கூடுகிற சந்தை அது. தரையில் இன்னும் மஞ்சள் கோடுகள் இருக்கின்றன. ஒரு வண்டிக்கான கோட்டுக்குள் ஒரு மேசை. அவரவர் வீட்டில் செய்ததை அவரவரே கொண்டுவந்து விற்க வேண்டும் என்பதுதான் விதி. சோப்பு, மெழுகுவத்தி, பூந்தொட்டி, பின்னிய தொப்பி என்று வரும். நான் திரைச்சீலைத் துண்டுகளில் பை தைத்து விற்கிறேன். அவர் தானே எழுதித் தன் செலவில் அச்சடித்த புத்தகத்தை விற்கிறார். முதலில் இடம் கேட்டு வந்தபோது, புத்தகத்தை வீட்டில் செய்த பொருளாக எடுத்துக்கொள்ளலாமா என்று சந்தை நடத்துகிறவர் யோசித்தாராம். வீட்டில்தான் செய்தேன், இதை வேறு எங்கே போய்ச் செய்வது என்று இவர் கேட்டாராம்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது அவர் பார்த்த வேலை. அதனால் சந்தையில் அவர் மீட்டர்காரர். எழுத்தாளர் என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவரும் எதிர்பார்த்ததில்லை.

எதிர் மேசை சோப்புக்கார அக்காவுக்கு அவரைச் சீண்டாவிட்டால் வியாபாரம் ஓடாது.

“ஏன் மீட்டரண்ணே, புதுப்பொண்ணு மாதிரி எதுக்குத் திரும்பிக்கறீங்க? புத்தகம் விக்கறீங்களா, ஒளிஞ்சு விளையாடறீங்களா?”

அவர் சிரித்துவிட்டுச் சும்மா இருப்பார்.

எனக்கு அதிகம் பேச வராது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய்க்குப் போக வேண்டியதெல்லாம் இவளுக்குக் கண்ணுக்குப் போய்விட்டது என்று என் மாமியார் சொல்வார். அதனால்தானோ என்னவோ, அவர் ஏன் திரும்பிக்கொள்கிறார் என்பதை என்னிடம் மட்டும் சொன்னார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டு, எல்லோரும் மேசையை மூடிவிட்டுக் கட்டடத்தின் ஓரமாக ஒதுங்கி நின்ற ஒரு நாளில்.

மீட்டர் இருப்பது எப்போதும் வீட்டின் மோசமான மூலையிலாம். மாடிப்படிக்கு அடியில், குளியலறைக்குப் பக்கத்தில், அழுக்குத் துணி குவிந்து கிடக்கிற இடத்தில். சில வீடுகளில் அந்த மூலையில்தான் கட்டிலைப் போட்டு, எழுந்திருக்க முடியாதவரைப் படுக்க வைத்திருப்பார்கள். எண்ணைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், வெளியே வந்துவிட வேண்டும். வேறு எது கண்ணில் பட்டாலும் பட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. வேலையில் சேர்ந்த புதிதில் யாரும் சொல்லித் தராமல் அவரே கற்றுக்கொண்டது அது.

“நாம பாக்கலைன்னு தெரிஞ்சாத்தான் தங்கச்சி, அந்த வீட்டுக்காரங்க மூச்சு விடுவாங்க” என்றார்.

அவர் புத்தகத்தின் பெயர் ‘கட்டிலுக்கு இந்தப் பக்கம்’. அவருடைய மனைவி ஒருநாள் சமையலறையில் விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. வருடக்கணக்கில் அவரைப் பார்த்துக்கொண்டதைப் பற்றியது புத்தகம். தன்னைவிடக் கனமான ஆளை ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி, ஆளைத் தூக்காமல் விரிப்பை மாற்றுவது எப்படி, படுத்திருப்பவர் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டால் நம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, இப்படி எழுதியிருப்பார். நடுநடுவே வீட்டில் நடந்ததும் வரும்.

இந்தப் புத்தகத்தை யாரும் ஆசையாக வாங்க மாட்டார்கள். பலபேர் எடுத்துப் பின்னட்டையைப் படித்துவிட்டு, சூடு பட்டதுபோல வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று கேட்காமலே சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் தேவைப்படுகிறவர்கள் நேராக வர மாட்டார்கள். ஒருமுறை கடந்து போவார்கள். திரும்பி வந்து என் மேசையில் நின்று ஒரு பையைத் தடவிக்கொண்டே பக்கத்து மேசையை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்களை நான் உடனே கண்டுகொள்வேன். பொத்தான் மாற்றிப் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் மருந்து வாசனை வரும். கடைசியில் மெல்ல நகர்ந்துபோய்ப் புத்தகத்தை எடுப்பார்கள். அவர் திரும்பிக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்ததும் அவர்கள் தோள் இறங்குவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நின்று படிப்பார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், வாங்குவார்கள். அட்டை வெளியே தெரியாமல் கொண்டுபோக என்னிடம் ஒரு பையும் வாங்குவார்கள். என் பை விற்றதில் பாதி அவர் புண்ணியம்.

நான் தேடிக்கொண்டிருந்த இன்னொரு விடையும் அந்த மழைநாளில்தான் கிடைத்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வாரச்சந்தை உண்டு. அதை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏன் இங்கே வருகிறார் என்று சோப்புக்கார அக்கா அடிக்கடி கேட்பார். அன்று பெட்டிகளின் அடி நனைந்துவிட்டதால், நானும் என் வீட்டுக்காரரும் அவற்றைக் கொண்டுபோய் விடப் போனோம்.

இரண்டே அறை. உள்ளறையில் இரும்புக் கட்டில், மெத்தை இல்லாமல். அதன்மேல் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை புத்தகப் பெட்டிகள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் தரையில் அவருடைய பாய். கட்டில் கம்பியிலிருந்து ஒரு கயிறு சுவரில் அடித்த ஆணிகள் வழியாகச் சமையலறைவரை போயிற்று. அவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது மனைவி கூப்பிட வேண்டுமென்றால் இழுப்பதற்காகக் கட்டியதாம். அவிழ்க்கவில்லை. அவர் அதற்குக் குனிந்து குனிந்தே நடமாடினார். என் வீட்டுக்காரர் கவனிக்காமல் போய்க் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

ஜன்னல் திட்டில் ஒரு தபால் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. புத்தகக் கனம். யாரோ வாங்க மறுத்துத் திரும்பி வந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“என் பொண்ணுக்கு அனுப்பினது” என்றார். “நம்ம சந்தைக்குப் பின்னாடி தெருவுலதான் இருக்கா.”

அவருக்கு ஒரே மகள். தாய் படுத்த பிறகு, அந்தப் பெண்ணும் கூட இருந்துதான் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் பெட்டியோடு வீட்டை விட்டுப் போனாள். தாய் கண்ணை மூடிய பிறகுதான் வந்தாள். புத்தகம் அச்சானதும் முதலில் கையில் வாங்கியவர் மனைவியின் அக்கா. நாலு பக்கம் புரட்டியவர் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, உன் அப்பா உன்னை ஊர் சிரிக்க எழுதிவிட்டார், பெற்றவளைப் போட்டுவிட்டு ஓடினாய் என்று அச்சில் போட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அன்றோடு மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவர் எழுதியது அது இல்லை. நான் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிறவள், தையலுக்கு நடுவே ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் ஓடும். ‘மகள் பெட்டியோடு வாசலில் நின்றாள். அன்றைக்கு அவள் வீட்டை விட்டுப் போனாள்’ என்று ஒரு பக்கம் முடிகிறது. அங்கே நிறுத்திவிட்டு, ஒரு நாள் முழுக்க அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டிக்கொண்டே மிஷினை மிதித்தேன். மறுநாள் தாளைப் புரட்டினால், ‘போகச் சொன்னது நான்’ என்று தொடங்குகிறது. சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல், குளியலறையில் மயங்கி விழுந்த பெண்ணை, நீயும் படுத்துவிட்டால் நான் எந்தக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்பது என்று சொல்லி அவர்தான் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார். கடைசி நாட்களில் அவளுக்குச் சொல்லி அனுப்பாமல் விட்டது தன் தப்பு என்றும் எழுதியிருக்கிறார். மனைவியின் அக்கா தாளைப் புரட்டவில்லை.

தபாலில் அனுப்பினால் திருப்பி அனுப்புகிறாள். நேரில் போனால் கதவு திறப்பதில்லை. கடைக்குப் போகிற வழியில் சும்மா ஒரு மேசையில் கிடந்தால், யாரோ எழுதியதுபோல ஒருநாள் கையில் எடுக்க மாட்டாளா என்பதுதான் அவர் எண்ணம். அதற்காகத்தான் இரண்டு பஸ்.

ஒருநாள் எடுத்தாள்.

அன்று வெயில் அதிகம், கூட்டம் குறைவு. கண்ணாடி போட்ட ஒரு பெண் என் மேசையில் வந்து நின்றாள். பச்சைப் பை ஒன்றை எடுத்து உள்ளே வெளியே என்று புரட்டினாள், பையைப் பார்க்கவில்லை. அவள் தோளில் மாட்டியிருந்த கைப்பையின் காது ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. தைத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. வேறு பலரைப் போல இவளும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் நகர்ந்துபோய்ப் புத்தகத்தை எடுத்தாள். அவர் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு கை வந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். வழக்கம்போலத் திரும்பிப் பெட்டிக்குள் தேட ஆரம்பித்தார்.

அவள் நாலைந்து தாள் புரட்டினாள். பிறகு புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவருடைய முதுகையே பார்த்தபடி நின்றாள். வாங்கத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன். உதடு அசைந்ததுபோல இருந்தது. பிறகு தூங்குகிற குழந்தையைக் கீழே விடுவதுபோலப் புத்தகத்தைச் சத்தமே வராமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சத்தம் வராததால் அவர் திரும்பவில்லை. தேடிக்கொண்டே இருந்தார்.

“மீட்டரண்ணே, ஆள் போய் எவ்வளவு நேரமாச்சு. பெட்டிய விட்டு வெளிய வாங்க” என்றார் சோப்புக்கார அக்கா. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவியின் அக்கா போன் செய்தாராம். வீம்பை விட்டு நேரில்தான் போனேன் பெரியம்மா, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மகள் சொன்னாளாம்.

“நீ எல்லாத்தையும் பாப்பியே தங்கச்சி. போன வாரம் வந்தவளப் பாத்தியா?”

நான் தலையாட்டினேன்.

“எப்படி இருந்தா?”

“கண்ணாடி போட்டிருந்தாங்கண்ணே.”

“கண்ணாடியா? அவ போட்டு நான் பாத்ததில்லையே.” கொஞ்ச நேரம் தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். “இளைச்சிருந்தாளா?”

“இல்லண்ணே. முன்பக்கம் மட்டும் முடி லேசா நரைச்சிருந்துச்சு.”

“அவங்க அம்மாவுக்கும் அப்படித்தான். சீக்கிரமே.” பிறகு கேட்டார், “எது வரைக்கும் படிச்சா?”

“முன்னாடிதாண்ணே. நாலஞ்சு தாள்.”

அவளைப் பற்றி எழுதியிருப்பது புத்தகத்தின் பின்பாதியில். கைப்பையின் காது பிய்ந்திருந்ததையும் நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, அவர் கேட்கக் கேட்க வந்துவிட்டது.

“தைச்சுக் குடுத்திருக்கலாமே” என்றார். என்னைக் குறை சொல்கிற குரலில் இல்லை.

மனைவியின் அக்கா மூலமாகச் சொல்லிப் பார்த்தார். யார் வந்தாலும் அப்படித் திரும்புவதுதான் தன் வழக்கம், வந்தது அவள் என்று தெரியவே தெரியாது என்று. எந்தக் கடைக்காரன் வாங்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டுவான், புத்தகம் எழுதுகிறவருக்குக் கதை கட்டவா தெரியாது என்று பதில் வந்தது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கூடவே உட்கார்ந்து பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கடைசியில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். நான் சொந்த அண்ணனிடமே போனில் நாலு வார்த்தைக்குமேல் பேசாதவள். இரண்டு நாள் மிஷின்முன் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நான் பக்கத்து மேசை, பை தைக்கிறவள், நீங்கள் என் பச்சைப் பையை எடுத்துப் பார்த்தீர்கள் என்று சொன்னேன். அவர் எல்லோருக்கும் அப்படித்தான் திரும்பிக்கொள்வார், வருகிறவர்கள் கூச்சப்படக் கூடாது என்பதற்காக என்றேன்.

“அவர் சொல்லச் சொன்னாரா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க.”

“எங்கம்மா சாகக் கிடந்தப்ப எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. இதுக்கு மட்டும் ஆள் விட்டுச் சொல்றாரா?”

போன் நின்றுவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மாற்றிச் சொல்லத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“சரியாத்தான் கேட்டிருக்கா” என்றார்.

அதற்குப் பிறகு அவர் திரும்புவதை விட்டுவிட்டார். மேசைக்கு யார் வந்தாலும், தூரத்தில் வரும்போதே முகத்தை உற்றுப் பார்ப்பார். கண்ணாடி போட்ட பெண்கள் வந்தால் எழுந்தே நிற்பார். புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே ஜனங்கள் நகர்ந்துவிடுவார்கள்.

“அண்ணே, நீங்க பாக்குற பார்வையில கடன்காரன்கூடப் பயந்து ஓடிடுவான்” என்றார் சோப்புக்கார அக்கா. இந்தத் தடவை சொன்ன அக்காவே சிரிக்கவில்லை.

வாரங்கள் போயின. பெட்டியைக் கொண்டுவந்தபடியே திருப்பித் தூக்கிக்கொண்டு போனார். தேவைப்படுகிறவர்கள் வந்தபடிதான் இருந்தார்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்கள் முதலில் நிற்பது என் மேசையில்.

ஒருநாள் ஒருவர் வந்தார். விரல்களெல்லாம் ஓயாமல் துணி அலசினவர்போல ஊறி வெளுத்திருந்தன. என் மேசையில் நின்றார், பக்கத்து மேசையைப் பார்த்தார். மீட்டர்காரர் அவரை நேராகப் பார்த்தார். வந்தவர் தொப்பி விற்கிற பக்கம் போய்விட்டார். மறுபடி வந்தார், மறுபடி போனார். கடைசியாக என்னிடம் ஒரு பையை வாங்கி, அது எதற்கு என்றே தெரியாதவர்போல மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். கையில் வெறும் பையோடு அவர் மஞ்சள் கோடுகளைத் தாண்டிப் போவதை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

“அவருக்குத் தேவைப்பட்டுதுண்ணே” என்றேன்.

“தெரியும்.” தலையைக் குனிந்துகொண்டார். “ஆனா அவ வந்தா?”

“நான் பாக்குறேன்ணே. எனக்கு அவங்க முகம் தெரியும்.”

அவரிடம் நானாக வாயைத் திறந்து பேசியது அன்று ஒருநாள்தான். அவர் அடுத்த வாரம் வரும்போது பையில் ஒரு கயிறு இருந்தது. கட்டிலிலிருந்து சமையலறைக்குப் போன அதே கயிறு, ஆணி உரசின இடங்களில் நைந்து போயிருந்தது. ஒரு நுனியைத் தன் நாற்காலிக் கையில் கட்டினார். மறுநுனியை மேசைக்கு அடியில் கொண்டுவந்து என் பக்கம் போட்டார். ஏன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. சோப்புக்கார அக்கா மட்டும், நாற்காலி ஓடிவிடும் என்று கட்டிப் போடுகிறீர்களா என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோப்பை அடுக்கப் போய்விட்டார்.

இப்போது எங்கள் இரண்டு மேசைகளும் ஒட்டித்தான் இருக்கின்றன. ஆள் வந்து புத்தகத்தை எடுத்தால் அவர் முன்போலவே திரும்பிப் பெட்டிக்குள் தேடுகிறார். வருகிற முகங்களை நான் பார்க்கிறேன். புத்தகம் அவ்வப்போது ஒன்றிரண்டு விற்கிறது. பெட்டிகள் குறைந்துவிட்டன, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் இப்போது காலி. அவருக்கு முட்டி வலி, பஸ்ஸில் ஏற ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது. கயிறு என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. இதுவரை நான் அதை இழுக்கவில்லை. அந்தப் பெண் மறுபடி வரவில்லை.